நான்கில் ஒன்றா, மூன்றில் ஒன்றா: இஎஸ்பி ஆய்வுகளை வாசிக்கும் முறை

ஒரு பிங்பாங் பந்தை நடுவில் அறுத்தால் இரண்டு சின்னக் கிண்ணங்கள் கிடைக்கும். விளிம்பு தோலில் குத்தாமல் இருக்க ஓரத்தில் பஞ்சு வைத்து, கண்ணுக்கு ஒன்றாகக் கவிழ்த்து, டேப் போட்டு ஒட்டுகிறார்கள். ஆளைச் சாய்வு நாற்காலியில் சாயவைத்து முகத்துக்கு நேரே சிவப்பு விளக்கு. கண் திறந்தே இருக்கும். ஆனால் தெரிவது எல்லைக்கோடே இல்லாத ஒரு செந்நிறப் பரப்பு மட்டும். காதில் ஹெட்போன். ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோவில் வருமே ஓர் இரைச்சல், அது தொடர்ந்து ஓடும். கொஞ்ச நேரத்தில் மூளை பார்ப்பதற்கு ஏதுமில்லாமல் தானாகவே படம் காட்டத் தொடங்கும். மனதில் ஓடுவதையெல்லாம் அந்த ஆள் அரைமணி நேரம் வாய்விட்டுச் சொல்லவேண்டும்.

அதே அரைமணி நேரம் வேறோர் அறையில் இன்னொருவர் ஒரு படத்தையோ சின்ன வீடியோத் துண்டையோ பார்த்துக்கொண்டிருப்பார். நேரம் முடிந்ததும் பந்தை எடுத்துவிட்டு, முதல் ஆளிடம் நான்கு படங்களைக் காட்டுவார்கள். ஒன்று அந்த அறையில் பார்க்கப்பட்டது, மற்ற மூன்றும் சும்மா. நீங்கள் சொன்னவற்றோடு எது அதிகம் ஒத்துப்போகிறது என்று கேட்பார்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலே நூற்றுக்கு 25 தடவை சரியாக வரும். இஎஸ்பி, அதாவது புலன்களைத் தாண்டி அறிவது, உண்டு என்னும் ஆதரவாளர்கள் 32 வருகிறது என்கிறார்கள். ஏறக்குறைய நாற்பது ஆண்டுச் சண்டை இந்த ஏழு சதவீதத்தைச் சுற்றித்தான்.

இதன் பெயர் கான்ஸ்ஃபெல்டு. ஜெர்மன் சொல், முழுப்புலம் என்று பொருள். புலன்களைத் தாண்டி அறிவது உண்டு என்பவர்கள் கையில் இருக்கும் சான்றுகளில் ஓரளவு வலுவானது இதுதான். அதனால் கரண்டி வளைப்பவர்களையும் டிவி ஜோசியர்களையும் விட்டுவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன். எதிராளியின் பலவீனமான வாதத்தை அடித்து வீழ்த்துவதில் யாருக்கும் லாபமில்லை.

பெயர் பற்றி ஒரு வார்த்தை. புலன்களைத் தாண்டி அறிவதை ஆங்கிலக்காரன் ஆறாவது புலன் என்பான். தமிழில் அந்த நாற்காலி எப்போதோ நிரம்பிவிட்டது. தொல்காப்பியம் ஆறாவது அறிவாக மனத்தை உட்காரவைத்திருக்கிறது. எண்ணிக்கைக் குழப்பம் வேண்டாமென்று இஎஸ்பி (எக்ஸ்ட்ரா சென்சரி பெர்செப்ஷன்) என்றே எழுதுகிறேன்.

கான்ஸ்ஃபெல்டுக்கு முன்னால் சீட்டு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் 1930களில் நடத்திய சோதனைகளுக்காக அவருடைய சகா கார்ல் ஜீனர் வடிவமைத்தது: வட்டம், கூட்டல் குறி, மூன்று அலைக்கோடு, சதுரம், நட்சத்திரம். குறிக்கு ஐந்து வீதம் மொத்தம் 25 சீட்டு. தற்செயலாக 5 சரியாக வரும். திட்ட விலக்கம், அதாவது அந்த 5ஐச் சுற்றி வழக்கமாக வரும் சிதறல், சுமார் 2. அதாவது 9 அல்லது அதற்கு மேல் ஒருவர் எடுத்தால் கை தட்டத் தோன்றும். ஆனால் நூறு பேரை உட்காரவைத்தால் வெறும் அதிர்ஷ்டத்திலேயே நாலைந்து பேர் அந்த 9ஐத் தொட்டுவிடுவார்கள். அந்த நாலைந்து பேரை மட்டும் மறுபடி அழைத்து முதல் சுற்றின் மதிப்பெண்ணையும் சேர்த்தே கணக்கிட்டால் 'திறமைசாலிகள்' தயார். ஆள் தேர்வுக்கு ஒரு சுற்று, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு சோதனைக்குப் புதிதாக வேறொரு சுற்று என்று பிரித்தால்தான் கணக்கு நிற்கும்.

சீட்டுக்கட்டில் இன்னொரு பொறியும் உண்டு. குறிக்கு ஐந்துதான் என்று ஊகிப்பவருக்குத் தெரியும். ஒவ்வொரு சீட்டையும் ஊகித்தவுடன் உண்மையில் அது என்ன என்று காட்டிவிட்டால், போனவற்றை நினைவில் வைத்து மிச்சம் அதிகமுள்ள குறியையே சொல்லிக்கொண்டு வரலாம். இதைச் சரியாகச் செய்பவரின் சராசரி 5 அல்ல, 8.65 என்று கணிதவியலாளர்கள் டயகோனிஸும் கிரஹாமும் 1981இல் கணக்கிட்டார்கள். ரம்மி ஆடுகிறவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. வேண்டுமென்றே எண்ணவேண்டும் என்பதுகூட இல்லை, 'நட்சத்திரம் வந்து நாளாச்சே' என்ற உணர்வே போதும்.

ரைனின் ஆரம்பகாலச் சோதனைகளில் ஊகிப்பவரும் சீட்டு வைத்திருப்பவரும் ஒரே மேசையில் எதிரெதிரே இருந்தார்கள். அச்சடித்து விற்பனைக்கு வந்த சில சீட்டுகளில் குறியின் அழுத்தம் பின்பக்கமே தெரிந்தது. கண்ணாடியில் பிரதிபலிப்பு, சீட்டு வைத்திருப்பவரின் முகம், 'அடுத்தது' என்று சொல்லும் தொனி என்று கசிவதற்கு வழி ஏராளம். இதற்குப் பதிலாக ரைன் முன்வைத்தது தொலைவு. 1933-34இல் ஹியூபர்ட் பியர்ஸ் என்ற இறையியல் மாணவர் நூலகத்தில் உட்கார்ந்துகொள்ள, பிராட் என்ற உதவியாளர் வேறொரு கட்டடத்தில் நிமிடத்துக்கு ஒரு சீட்டாக எடுத்துக் கவிழ்த்து வைத்தார். 1850 ஊகங்கள். தற்செயலில் 370 வரவேண்டும், வந்தது 558. தற்செயலில் எதிர்பார்க்கும் சிதறலைப் போல கிட்டத்தட்ட 11 மடங்கு தள்ளி நிற்கும் எண் இது. அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் நிரூபணமா? 1960களில் ஹான்சல் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அந்த ஒரு மணி நேரம் பியர்ஸ் நூலகத்தை விட்டு நகரவில்லை என்று பார்த்தவர் யார்? யாருமில்லை. பியர்ஸ் ஏமாற்றினார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அதை நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் ஆள் ஒருவரை நூலகத்தில் உட்காரவைத்து அவரைக் கவனிக்கச் சொல்லியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. அது முன்பே யோசித்திருக்கவேண்டிய காரியம். எண்கள் வந்த பிறகு அதை யாராலும் சேர்க்க முடியாது.

ஏமாற்று நிரூபிக்கப்பட்ட கதை வேறு. லண்டனில் கணிதம் சொல்லிக்கொடுத்த சாமுவேல் சோல் முதலில் ரைனின் முடிவை மறுபடி எடுக்க முயன்று, 160 பேரிடம் ஒரு லட்சத்து இருபத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊகங்களைச் சேகரித்து, ஒன்றுமில்லை என்று அறிவித்தவர். பிறகு பழைய தாள்களைத் தோண்டி, ஊகத்தை அந்தச் சீட்டோடு ஒப்பிடாமல் முந்தைய, பிந்தைய சீட்டோடு ஒப்பிட்டால் இரண்டு பேருக்கு நன்றாக ஒத்துவருகிறது என்றார். அதில் ஒருவரான பேசில் ஷாக்கிள்டனை வைத்து 1941 முதல் 1943 வரை நடத்திய சோதனை பல காலம் மறுக்க முடியாததாகக் கொண்டாடப்பட்டது. 1978இல் பெட்டி மார்க்விக் கம்ப்யூட்டரை வைத்து சோல் பயன்படுத்திய எண்வரிசைகளை அலசினார். சில வரிசைகள் அப்படியே திரும்ப வந்திருந்தன. ஆனால் இடையிடையே ஓர் எண் கூடுதலாகச் செருகப்பட்டிருந்தது. அந்தச் செருகல்கள் பெரும்பாலும் சரியான ஊகங்களாக இருந்தன. அவற்றை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் தற்செயல். இதில் கவனிக்கவேண்டியது: மார்க்விக் இத்துறைக்கு எதிரி அல்ல. சோலைக் குற்றச்சாட்டிலிருந்து காப்பாற்றலாம் என்ற நம்பிக்கையோடு தொடங்கியவர்.

சரி, பிங்பாங் பந்துக்குத் திரும்புவோம்.

கான்ஸ்ஃபெல்டை இஎஸ்பி சோதனைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் சார்ல்ஸ் ஹானர்டன். அவருடைய முதல் கட்டுரை 1974. அவரை எதிர்த்து நின்றவர் ஆரிகன் பல்கலைக்கழக உளவியலாளர் ரே ஹைமன். இளவயதில் கைரேகை பார்த்துச் சம்பாதித்தவர், மாய வித்தை தெரிந்தவர். ஆகவே ஆளை ஏமாற்றுவதும் ஆள் தன்னையே ஏமாற்றிக்கொள்வதும் எப்படி நடக்கும் என்பதில் அனுபவசாலி. 1974 முதல் 1981 வரை வந்த 42 ஆய்வுகளின் முழு விவரத்தையும் ஹானர்டனே ஹைமனுக்கு அனுப்பிவைத்தார். இந்த நேர்மையை இன்றைக்குப் பல துறைகளில் எதிர்பார்க்க முடியாது.

ஹைமன் கண்டுபிடித்த ஓட்டைகள் பெரும்பாலும் சாதாரணமானவை, அதனால்தான் சுவையானவை. ஒன்று, அனுப்புபவர் அரைமணி நேரம் கையில் வைத்திருந்த அதே அச்சுப்படத்தை மற்ற மூன்றோடு சேர்த்து ஊகிப்பவரிடம் கொடுத்திருக்கிறார்கள். கைரேகை, வியர்வை, மடிந்த ஓரம், சூடு எல்லாம் அதில் இருக்கும். ஊகிப்பவருக்கே தெரியாமல் கை அந்தப் படத்தின் பக்கம் போகலாம். தீர்வு எளிது: ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு பிரதி அச்சடித்து, ஒன்று அனுப்புபவருக்கு, தொடாத இன்னொன்று தீர்ப்புக்கு. செலவு சில டாலர். பல ஆய்வுகளில் அதைச் செய்யவில்லை.

இரண்டாவது, இலக்கை, அதாவது அனுப்புபவர் பார்க்கவேண்டிய படத்தை, தேர்ந்தெடுத்த விதம். சீட்டைக் கையால் கலைத்து எடுத்த ஆய்வுகள் உண்டு. கையால் கலைப்பது சீரற்ற தேர்வு ஆகாது. நான்கு படத்தில் எல்லாரும் விரும்பும் ஒரு படம், கடற்கரைச் சூரியன் மாதிரி, எப்போதும் இருக்கும். தேர்வும் தெரியாமல் அதன் பக்கம் சாய்ந்தால் 25 தானாகவே 28 ஆகும்.

மூன்றாவது, மதிப்பெண் கணக்கு. முதலிடம் கொடுத்தது சரியா என்று எண்ணலாம். முதல் இரண்டு இடத்துக்குள் வந்ததா என்று எண்ணலாம். நான்கு படங்களுக்கும் கொடுத்த தர எண்ணைக் கூட்டலாம். ஒவ்வொரு படத்துக்கும் 100க்கு எத்தனை என்று கேட்டுச் சராசரி எடுக்கலாம். எல்லாமே நியாயமான முறைகள்தான். ஆனால் நான்கையும் போட்டுப் பார்த்துவிட்டு எது மேலே வந்ததோ அதைக் கட்டுரையில் எழுதினால், ஒன்றுமே இல்லாதபோதும் 'இருக்கிறது' என்று காட்டும் பொய் அலாரம், நூற்றுக்கு ஐந்து என்று நாம் நினைத்திருப்பது, கணிசமாகக் கூடிவிடும்.

நான்காவது, நிறுத்தும் இடம். எத்தனை அமர்வு என்று முதலிலேயே எழுதி வைக்காமல், பத்து பத்தாக நடத்தி ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்த்து, நன்றாக வந்த இடத்தில் நிறுத்தினால்? பத்து முறை எட்டிப் பார்த்தால் ஐந்து சதவீதப் பிழை சுமார் 19 சதவீதமாகிறது. ஏமாற்றவேண்டும் என்ற எண்ணமே தேவையில்லை. 'இன்னிக்கு இது போதும், நல்லா வந்திருக்கு' என்ற மனநிலை போதும்.

ஓட்டைகள் இருந்தன என்பதில் ஹானர்டனும் உடன்பட்டார். அவற்றால்தான் 25 தாண்டியது என்பதில் உடன்படவில்லை. இருவரும் 1986இல் சேர்ந்து ஓர் அறிக்கை எழுதினார்கள். விஞ்ஞானச் சண்டைகளில் இது அபூர்வம். அதில் அவர்கள் சொன்னது: மொத்த முடிவுகளில் ஏதோ இருக்கிறது, அதை நல்ல முடிவை மட்டும் வெளியிட்டதாலோ பல கணக்குப் போட்டதாலோ வந்தது என்று மட்டும் சொல்லித் தள்ள முடியாது. அந்த ஏதோ இஎஸ்பியா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. இனி நடப்பவை இந்த இந்தக் கட்டுப்பாடுகளோடு நடக்கட்டும், தீர்ப்பை அவை சொல்லட்டும். சாரம் அவ்வளவுதான்.

அந்தக் கட்டுப்பாடுகளோடு ஹானர்டன் தன் பிரின்ஸ்டன் ஆய்வகத்தில் 1983 முதல் 1989 வரை நடத்தியது ஆட்டோகான்ஸ்ஃபெல்டு. இலக்கைக் கம்ப்யூட்டர் தேர்ந்தெடுக்கும். வீடியோ இயந்திரத்தை அதுவே இயக்கும். மதிப்பெண்ணையும் அதுவே பதியும். 160 இலக்குகள், நான்கு நான்காக 40 தொகுதி. பாதி நிலைப்படம், பாதி ஓடும் படம். டேரில் பெம் என்ற கார்னெல் பேராசிரியர் வந்து பார்த்தார். அவரும் மேடையில் மனதைப் படிக்கும் வித்தை செய்பவர், ஓட்டை எங்கே இருக்கும் என்று தெரிந்தவர். ஓட்டை இல்லையென்று சொல்லிக் கட்டுரையில் சேர்ந்துகொண்டார். ஹானர்டன் 1992இல் இறந்துவிட, கட்டுரை 1994இல் உளவியலின் முதன்மையான இதழ் ஒன்றில் வந்தது: 329 அமர்வு, 106 சரி, 32 சதவீதம். ஓடும் படங்களில் 37, நிலைப்படங்களில் 27. ஜூலியார்ட் கலைக்கல்லூரி மாணவர்கள் 20 பேரில் 10 பேர் சரி.

ஹைமன் அதே எண்களை வாங்கி வேறு விதமாக அடுக்கினார். ஓர் இலக்கு முதல்முறை பயன்படும்போது ஊகங்கள் தற்செயல் மட்டத்தில்தான் இருந்தன. அதே இலக்கு இரண்டாவது, மூன்றாவது தடவை வரும்போதுதான் சரியான ஊகங்கள் கூடின. வீடியோ நாடாவைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் படத்தின் தரம் மாறும், அதுவே எது ஓடிய படம் என்று காட்டிக்கொடுக்கலாம்; அந்தக் காலத்துக் கேசட் வாடகைக் கடை வைத்திருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இதுதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. இன்னொரு பக்கம் உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மனின் குழு 1996இல், அனுப்புபவர் அறையிலிருந்து சத்தம் பரிசோதகர் காதுக்குப் போயிருக்கும் வாய்ப்பைச் சுட்டிக்காட்டியது. எனக்கு ஹைமனின் வாதத்தில் ஒரு சங்கடம் உண்டு: அதுவும் எண்களைப் பார்த்த பிறகு கண்டெடுத்த ஒழுங்குதான். எதிர்ப்பவர் என்பதற்காக அவருக்கு மட்டும் விதியைத் தளர்த்த முடியாது.

விதி இரு பக்கத்துக்கும் பொது என்பதற்கு 1999 நல்ல உதாரணம். ஜூலி மில்டனும் ரிச்சர்ட் வைஸ்மனும் 1987 முதல் 1997 தொடக்கம் வரை வந்த 30 ஆய்வுகளைத் தொகுத்து, ஏறத்தாழ 1200 அமர்வுகளில் குறிப்பிடும்படி ஒன்றுமில்லை என்றார்கள். அந்தத் தேதி எல்லைக்குச் சற்று அந்தப் பக்கம் எடின்பரோவின் ஓர் ஆய்வு விழுந்தது: கலைஞர்களை வைத்து 128 அமர்வு, 47 சதவீதம். அதைச் சேர்த்தால் மொத்த முடிவே புரண்டுவிடும். பெம்மும் மற்றவர்களும் 2001இல் இன்னும் பத்து ஆய்வுகளைச் சேர்த்து 40 ஆக்கினார்கள். 30 சதவீதம் வந்தது, மறுபடி 'உண்டு' என்றானது. 2010இல் ஸ்டார்ம் குழு அடுத்த 29 ஆய்வுகளைத் தொகுத்தது. 1498 அமர்வில் 483, அதாவது 32.2 சதவீதம். எதைச் சேர்ப்பது, எந்தத் தேதியோடு நிறுத்துவது என்ற முடிவு எல்லாத் தொகுப்பிலும் ஆய்வு முடிவுகள் மேசையில் கிடக்கும்போதுதான் எடுக்கப்பட்டது. இப்படிப் பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்க்கும் மெட்டா பகுப்பாய்வு என்பது சமையல் மாதிரி. எந்தக் காயைக் கூடையிலிருந்து எடுத்தீர்கள் என்பது சாம்பாரின் ருசியில் தெரியாது.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது; இரு தரப்பினரும் அடிக்கடி மறப்பது இதைத்தான். உண்மையிலேயே விகிதம் 32 என்று வைத்துக்கொள்வோம். 40 அமர்வு கொண்ட ஓர் ஆய்வில் தற்செயல் என்றால் 10 வரும். 'குறிப்பிடத்தக்கது', அதாவது தற்செயலில் இப்படி வர நூற்றுக்கு ஐந்துக்கும் குறைந்த வாய்ப்புதான், என்று எழுத 16 வேண்டும். 32 சதவீதத் திறன் இருந்தாலும் அப்படி 16 வருவது ஐந்தில் ஒரு முறைகூட இல்லை. ஆகவே ஒரு சின்ன ஆய்வு தோற்றதைக் காட்டி 'பார், இல்லை' என்பது அர்த்தமற்றது. ஐந்தில் நான்கு முறையாவது பிடிபடவேண்டுமென்றால் ஏறக்குறைய 250 அமர்வு தேவை. அமர்வுக்கு ஒன்றரை மணி நேரம், ஒரு பரிசோதகர், ஓர் அனுப்புபவர் என்று வைத்தால் ஓர் ஆய்வகத்துக்கு ஒரு வருட வேலை. பணம் இல்லாத துறை என்பதால் 30, 40 அமர்வோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சின்ன ஆய்வுகள் நிறைய இருந்தால் அதிர்ஷ்டத்தில் மேலே போனவை வெளிவரும், மற்றவை மேசை இழுப்பறையில் தூங்கும்.

இதே காரணத்தால் பரிசுச் சவால்களும் இந்த வழக்கைத் தீர்க்காது. இலங்கையில் பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1960களில் ஒரு லட்ச ரூபாய்ச் சவால் விட்டார். அதில் ஓர் அம்சம், உறையிலிட்டு முத்திரை வைத்த ரூபாய்த் தாளின் வரிசை எண்ணைப் படித்துச் சொல்வது. அருமையான சோதனை: தீர்ப்பளிக்க யாரும் வேண்டாம், உறையைப் பிரித்தால் போதும். ஞானதிருஷ்டி இருக்கிறது என்று பீற்றிக்கொள்பவனை அது ஒரு நிமிடத்தில் அம்பலப்படுத்தும். ஆனால் நான்கில் ஒன்றை மூன்றில் ஒன்றாக்கும் மெல்லிய விளைவு ஒன்று இருந்தால், அது இந்த வலையில் சிக்கவே சிக்காது.

பெம் மறுபடி வருகிறார். 2011இல் சமூக உளவியலின் மிக மதிப்புள்ள இதழ் ஒன்றில் ஒன்பது சோதனைகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். முதல் சோதனை இது: திரையில் இரண்டு திரைச்சீலை, ஒன்றின் பின்னால் படம். எதில் என்று சொல்லவேண்டும். எந்தப் பக்கம் படம் என்பதை, நீங்கள் சொன்ன பிறகுதான் கம்ப்யூட்டர் முடிவெடுக்கும். ஆக, சரியாகச் சொன்னால் வருங்காலத்தைச் சொன்னதாகிறது. காமப் படங்களில் 53.1 சதவீதம் சரி, மற்றவற்றில் தற்செயல். கட்டுரையை ஊன்றிப் படித்தால் ஒரு விவரம் கண்ணில் படும்: முதல் 40 பேருக்குப் படங்களின் கலவை ஒன்று, அடுத்த 60 பேருக்கு வேறொன்று. நடுவழியில் செய்முறை மாறியிருக்கிறது. காமப் படத்தில் மட்டும்தான் வேலை செய்யும் என்பது முன்பே எழுதி வைத்த கணிப்பா, பிறகு தெரிந்ததா என்று கட்டுரைக்கு வெளியே இருப்பவரால் சொல்ல முடியாது.

ஆனால் கோபம் வேறிடத்திலிருந்து வந்தது. பெம் செய்தது அன்றைய உளவியலில் எல்லாரும் செய்துகொண்டிருந்ததுதான். அதே முறையில் காலம் பின்னோக்கி ஓடும் என்று நிரூபிக்க முடியுமென்றால், அதே முறையில் நிரூபித்த மற்றவை? வாகன்மேக்கர்ஸ் குழு அதே இதழிலேயே இதைக் கேட்டது. ரிச்சி, வைஸ்மன், ஃபிரெஞ்ச் மூவரும் சோதனையைத் திரும்பச் செய்து ஒன்றும் கிடைக்காமல், அதே இதழுக்கு அனுப்பினார்கள். மறுசோதனைகளை நாங்கள் வெளியிடுவதில்லை என்று பதில். 2012இல் வேறு இதழில் வந்தது. கேலக் குழு 3,289 பேரை வைத்து ஏழு சோதனை, அதிலும் ஒன்றுமில்லை. 2015இல் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தபோது 36 சதவீதம்தான் குறிப்பிடத்தக்க முடிவு தந்தன. உளவியல் தன் வீட்டைக் கூட்டிப் பெருக்க ஆரம்பித்ததற்கு இஎஸ்பி கட்டுரை ஒரு தூண்டுதல்.

வேடிக்கை என்னவென்றால் மருந்து இஎஸ்பி துறையிலேயே இருந்தது. 1970களின் நடுவிலேயே மார்ட்டின் ஜான்சன் தன் பரா உளவியல் இதழில், எண்களைச் சேகரிக்கும் முன்பே ஆய்வுத் திட்டத்தை அனுப்புங்கள், திட்டத்தைப் பார்த்து ஏற்றுக்கொள்கிறேன் என்றார். இன்று எல்லாரும் முன்பதிவு என்று கொண்டாடுவது அதுதான். முன்பதிவு செய்த கட்டுரைகளில் வெற்றி குறைவாகவும் செய்யாதவற்றில் அதிகமாகவும் இருந்தது என்று பின்னாளில் அந்த இதழைப் புரட்டிப் பார்த்தவர்கள் காட்டினார்கள்.

இந்தப் பாடங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துச் செய்தது ஹங்கேரியின் கெகெச் தலைமையில் 2023இல் வெளியான மறுசோதனை. பெம்மின் முதல் சோதனைதான். ஆனால் நம்புபவர்களையும் நம்பாதவர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, எத்தனை பேரோடு நிறுத்துவது, எந்த எண் வந்தால் யார் தோற்றதாக ஒப்புக்கொள்வது என்பதை முன்பே எழுதி வாங்கினார்கள். பதிவுகள் சேரச் சேர, யாரும் மாற்ற முடியாதபடி பொதுவெளியில் ஏறின. பத்து ஆய்வகம், 2115 பேர், 37,836 ஊகம். வந்தது 49.89 சதவீதம்.

இதனால் இஎஸ்பி இல்லை என்று நிரூபணமாகிவிட்டதா? இல்லை, பெம்மின் 53 இல்லை என்று ஆனது. கான்ஸ்ஃபெல்டின் 32க்கு இதே அளவில், இதே கண்டிப்போடு ஒரு கூட்டுச் சோதனை நடக்கும்வரை நான் 25 பக்கம் பந்தயம் கட்டுவேன். காரணம், கதவை இறுக்க இறுக்க எண் இறங்குவதைத்தான் இந்த வரலாறு நெடுகப் பார்க்கிறோம். புள்ளியியலாளர் ஜெசிக்கா உட்ஸ் போன்றவர்கள் இதற்கு நேர்மாறாக வாசிக்கிறார்கள். அமெரிக்க அரசு இரண்டு கோடி டாலர் செலவழித்த, தூரத்தில் இருப்பதை மனதால் பார்க்க முயன்ற உளவுத் திட்டத்தை 1995இல் மதிப்பிட ஹைமனையும் அவரையும்தான் அழைத்தார்கள். ஒரே கோப்பைப் பார்த்து அவர் உண்டு என்றார், ஹைமன் இல்லை என்றார். உட்ஸ் பின்னாளில் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் தலைவரானவர். கணக்குத் தெரியாதவர்கள்தான் நம்புகிறார்கள் என்று சொல்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு செய்முறை. மூன்று பேர் வேண்டும். சீட்டுக்கட்டு வேண்டாம், லூடோ பகடை போதும். 1 முதல் 5 வரை ஐந்து குறி. 6 விழுந்தால் சேர்க்காமல் மறுபடி உருட்டுங்கள். மூன்றாம் நபர் தனியாக உட்கார்ந்து 1000 குறிகளை 25 வீதம் 40 தாள்களில் பேனாவால் எழுதி, தாளுக்கு ஓர் உறையாக ஒட்டிக் கையெழுத்துப் போடட்டும். சோதனை நடக்கும்போது அவர் வீட்டில் இருக்கக்கூடாது. பகடை உருட்டி இலக்கு வைப்பதால் குறிக்கு ஐந்து என்ற கட்டுப்பாடு இல்லை. எண்ணிக்கை பார்த்து ஊகிக்க வழியில்லை.

அனுப்புபவரும் ஊகிப்பவரும் வேறு வேறு அறை, இடையில் குறைந்தது இரண்டு மூடிய கதவு. செல்போனில் நேரத்தை நொடி சுத்தமாக ஒத்துவைத்து, ஃபிளைட் மோடில் போடுங்கள். இருபது நொடிக்கு ஒரு குறி என்று கடிகாரம் பார்த்தே நகரவேண்டும். 'ரெடி' என்று குரல் கொடுக்காதீர்கள், சுவரில் தட்டாதீர்கள். ஒரு குறிக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாகத் தட்டுவது பத்து நிமிடத்தில் இருவருக்குள்ளும் ஒரு சங்கேத மொழியாகிவிடும். இருவருக்குமே அது தெரியாது. ஒரு சுற்று எட்டு, ஒன்பது நிமிடம். நாளைக்கு நான்கு சுற்று, பத்து நாள். நடுவில் எத்தனை சரி என்று பார்க்கக்கூடாது. ஊகத் தாளும் அன்றன்றே உறைக்குள் போகட்டும்.

பத்துப் பேரை ஒன்றாக உட்காரவைத்து ஒரே இலக்கை ஊகிக்கச் சொல்லி 10,000 ஊகம் என்று கணக்குக் காட்டாதீர்கள். மனிதர்கள் ஒரே மாதிரி ஊகிப்பார்கள். ஒன்று முதல் பத்துக்குள் ஓர் எண் என்றால் கூட்டத்தில் நிறையப் பேர் 7 என்பார்கள். அது பத்து ஊகமல்ல, கிட்டத்தட்ட ஒரே ஊகம்.

சரிபார்ப்பதை இரண்டு பேர் தனித்தனியாகச் செய்யவேண்டும். எண்ணும்போது நம்புபவரின் கை கூடுதல் பக்கமும் நம்பாதவரின் கை குறைவுப் பக்கமும் தவறும் என்பது 1930களின் கடைசியிலேயே சோதித்துப் பார்த்த விஷயம். 1000க்கு 200 தற்செயல். ஏறக்குறைய நூற்றில் ஒன்றுதான் வாய்ப்பு என்று சொல்ல 230 வேண்டும். முதல் உறை ஒட்டுவதற்கு முன்பே 230 என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, மூன்று பேரும் கையெழுத்திட்டு வையுங்கள். 231 வந்தால் உடனே யாருக்கும் சொல்லாமல், புதிய உறைகளோடு இன்னொரு 1000. 204 வந்தால் தாளைக் கிழித்துப் போடாமல் அதே இடத்தில் வையுங்கள்; அடுத்த வருஷம் வேறு யாரை வைத்துச் செய்தாலும் இந்த 204 அந்தக் கணக்கில் சேரவேண்டும்.